மொரீஷியஸில் ‘தனித்தீவு, பெரியவர்களுக்கு மட்டும்’ என்ற விளம்பரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால்

நான் காரைக்காலில் பிறந்தவன். பன்னிரண்டு ஆண்டுகளாக மொரீஷியஸில், எபேனில் இருக்கும் ஓர் அழைப்பு மையத்தில் வேலை பார்க்கிறேன். பிரான்ஸில் எவர் வீட்டில் இணையம் நின்றுபோனாலும் முதல் திட்டு எங்கள் காதில்தான் விழும். என் மனைவி இந்த ஊர்க்காரர். அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறார். மாலையில் வீட்டுக்கு வரும்போது ஐந்து வகுப்புப் பிள்ளைகளின் கூச்சலையும் தலையில் சுமந்துகொண்டுதான் வருவார். இருவரும் ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் வீட்டில் அன்பு.

ஆகவே, பதினைந்தாவது திருமண நாளுக்கு எங்கே போகலாம் என்று யோசித்தபோது கண்ணில் பட்ட விளம்பரம் எங்களுக்காகவே எழுதியது போல இருந்தது. கிழக்குக் கரையை ஒட்டித் தனித்தீவு. பெரியவர்களுக்கு மட்டும். படகுப் பயணம், காலை உணவு, இரவு உணவு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு இரண்டு இரவு 18,500 மொரீஷியஸ் ரூபாய், உள்ளூர்வாசிகளுக்கான சலுகை விலை. இங்கே குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பயணிகள் குறையும்போது விடுதிகள் உள்ளூர்க்காரர்களுக்கு விலை குறைத்துத் தருவது வழக்கம். அதனால் விலையைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வரவில்லை. விளம்பரம் போட்டவர் ஒரு முகவர். பாதிப் பணம் 9,250 ரூபாயைக் கைப்பேசி வழியாகத் தன் சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். உறுதிச்சீட்டு வந்தது. அதில் தேதி, அறை எண்ணிக்கை, எங்கள் பெயர் எல்லாம் இருந்தன. ‘தீவு’ என்ற சொல்லும் ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்ற சொற்களும் இல்லை. அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை. அடுத்தவர்களின் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துக் காட்டிச் சம்பளம் வாங்குகிறவன், என் சீட்டை மட்டும் படிக்காமல் விட்டேன்.

விடுதியின் பெயரையும் முகவரின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. புகார் இன்னும் முடியவில்லை. தவிர, இதே கதையைக் கொஞ்சம் மாற்றி மாற்றிச் சொன்ன நாலைந்து பேரை அதற்குப் பிறகு சந்தித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் புறப்பட்டோம். படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து இருபது. கடைசிப் படகு ஐந்து மணிக்கே போய்விட்டதாம். அப்படி ஒரு கடைசிப் படகு உண்டு என்று எவரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. ‘சிறப்புப் படகு’ வேண்டுமானால் 2,500 ரூபாய் என்றார் அங்கே நின்றிருந்தவர். எதிரே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், அந்தத் தீவு தெரிந்தது. சின்னப் படகு. ஐந்து பேருக்கு இரண்டு மிதவைச் சட்டை. பக்கவாட்டில் பதிவு எண் எதுவும் எழுதியிருக்கவில்லை. இந்த நாட்டில் பயணிகளைக் காசுக்கு ஏற்றிப் போகும் உல்லாசப் படகுக்குச் சுற்றுலா ஆணையத்தின் உரிமம் வேண்டும். எண் இல்லாத படகில் ஏறாதீர்கள். நாங்கள் ஏறினோம். இருட்டிக்கொண்டு வந்தது, கையில் பெட்டி, முன்பணம் முகவர் பையில். வேறு வழி தோன்றவில்லை.

அறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மெத்தை நன்றாக இருந்தது. குளியலறை சுத்தம். ஆனால் அறையின் பின்சுவருக்கு அப்பால் ஜெனரேட்டர் இருந்தது. தீவுக்கு மின்சாரம் அதிலிருந்துதான். கட்டில் அருகே மேசையில் வைத்த கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருந்தது. விளக்கை அணைக்கப் போனபோது பார்த்தேன்: தண்ணீரின் நடுவிலிருந்து சிறுசிறு வட்டங்கள் கிளம்பி விளிம்பு வரை போய்க்கொண்டே இருந்தன. டம்ளரைத் தரையில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் வட்டங்கள். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “இது உங்கள் அலுவலகத்தைவிட மோசம். அங்கேயாவது அழைப்பைத் துண்டிக்கலாம்” என்றார்.

ஜெனரேட்டர் ஒரு பக்கம் என்றால் காற்று இன்னொரு பக்கம். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று இந்த நாட்டின் கிழக்குக் கரையை விடாமல் அடிக்கும். மேற்கே பிளிக் அன் பிளாக் பக்கம் மலைகள் காற்றை மறைப்பதால் கடல் தொட்டித் தண்ணீர் போலக் கிடக்கும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சலுகை விலை ஏன் கிழக்குக் கரைக்கு மட்டும் அவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. கதவு இரவு முழுக்கத் தடதடத்தது. நாளிதழை மடித்து இடுக்கில் செருகினேன். கொஞ்சம் அடங்கியது.

புரட்டாசி மாதம். இங்குள்ள தமிழர் வீடுகளில் கோவிந்தன் விரதம். மாதம் முழுக்க மாமிசம் கிடையாது. பதிவு செய்யும்போதே அதை எழுதிக் கொடுத்திருந்தோம். இரவு உணவுக்கு வந்தது வேகவைத்த உருளைக்கிழங்கு, அதன் மேல் ஒரு வெள்ளைக் குழம்பு. மனைவி முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். மீன். ரொட்டியும் பழமும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் சனிக்கிழமை பத்து மணிக்குப் படகு படகாகக் குழந்தைகள் வந்து இறங்கினார்கள். எதிர்க்கரையில் இருக்கும் பெரிய விடுதியும் இதே நிர்வாகத்துடையதுதானாம். அங்கே குடும்பத்தோடு தங்குகிறவர்களுக்குப் பகல் முழுக்க இந்தத் தீவு இலவசம். வரவேற்பு மேசைக்குப் போய், பெரியவர்களுக்கு மட்டும் என்று சொன்னீர்களே என்றேன். அங்கிருந்த பெண் மிகவும் பணிவாக விளக்கினார்: இரவு ஏழு மணிக்குப் பிறகு, உணவகத்தில், பெரியவர்களுக்கு மட்டும்.

“அப்படியானால் தனித்தீவு?”

“மொரீஷியஸ் முழுக்கவே தீவுதானே, ஐயா.”

அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்த பதில் அது. எனக்கு அந்தக் குரல் தெரியும். என் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதே குரலில்தான் நான் பயிற்சி கொடுக்கிறேன்.

பதினொரு மணிக்குக் கட்டமரான்கள் வந்தன. ஈல் ஓ செர்ஃப் தீவுக்கும் தென்கிழக்குப் பேராற்று அருவிக்கும் போகும் உல்லாசப் படகுகள், போகிற வழியில் இங்கேயும் நங்கூரம் போடுகின்றன. ஒலிபெருக்கியில் இந்த ஊர் ஆட்டப் பாட்டான சேகா, படகின் பின்தட்டில் கோழி வாட்டும் புகை, ரம். சேகா எனக்குப் பிடிக்கும். என் திருமணத்தில் மனைவியின் சித்தப்பாக்கள் என்னை விடிய விடிய ஆட வைத்தார்கள். ஆனால் மூன்று படகுகளில் மூன்று வேறு வேறு சேகா ஒரே நேரத்தில் கேட்டால் யாராக இருந்தாலும் நடை தடுமாறும்.

அடுத்து நடந்ததைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பதிவு இத்தனை நீளம்.

மணி பன்னிரண்டு இருக்கும். இந்த நாட்டில் கடலின் ஏற்றவற்றம் அரை மீட்டர் அளவுதான். வற்றும் நேரத்தில் அந்தத் தீவுக்குப் பின்பக்கம் ஒரு மணல்திட்டு தலை காட்டும். எதிர்க்கரைக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் முழங்கால் தண்ணீரில் பாத்திரங்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தே வந்து, கரையோரமாகப் பாய் விரித்தது. நாங்கள் இருவரும் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தோம்.

“வணக்கம் மிஸ்!”

மனைவியின் நான்காம் வகுப்பு மாணவன். தாத்தா பாட்டி ஊருக்கு வந்திருக்கிறான். எங்கே பார்த்தாலும் தமிழில் வணக்கம் சொல்ல வேண்டும் என்று கற்றுக் கொடுத்தவரே இவர்தான். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனார்.

இரண்டு நிமிடத்தில் விடுதியின் காவலாளி வந்தார். தனியார் கடற்கரை, பாயை எடுங்கள் என்று இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் அந்தக் குடும்பத்தின் பாட்டியிடம் சொன்னார். பாட்டி ஒன்றும் சொல்லாமல் மூடிய பாத்திரத்தை மறுபடி துணியில் கட்டத் தொடங்கினார். என் மனைவி குனிந்து மணலைக் காட்டினார். காய்ந்த கடற்பாசி கறுப்பாக ஒரே கோடாக ஒதுங்கிக் கிடந்தது. “உயர் அலை வந்து நின்ற கோடு இது. இவர்கள் உட்கார்ந்திருப்பது இதற்குக் கடல் பக்கம். இந்தக் கோடு வரை கரை எல்லோருக்கும் பொது. இதற்கு மேலே இருப்பதும் உங்கள் முதலாளியின் சொத்தா, அரசு குத்தகைக்குக் கொடுத்ததா என்று கேட்டுவிட்டு வாருங்கள்” என்றார். அமைதிக்காகப் பணம் கட்டி வந்தவர், கரையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி வகுப்பறைக் குரலில் பேசினார்.

சட்டம் அவர் சொன்னபடிதான். மொரீஷியஸில் உயர் அலைக் கோடு வரை கடற்கரை பொதுமக்களுடையது. அதற்கு மேலேயும் கரையோரமாக ஏறத்தாழ 81 மீட்டர் அகலத்துக்கு ‘பா ஜெயோமெத்ரிக்’ என்று பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் அரசு ஒதுக்கு நிலம் உண்டு. கடலோர விடுதிகள் பலவும் நிற்பது குத்தகை நிலத்தில். நாற்காலியும் குடையும் அவர்களுடையவை, மணல் அவர்களுடையது இல்லை. ஆகவே இந்த ஊரில் எவராவது உங்களுக்குத் தனிக் கடற்கரை விற்றால், தன்னிடம் இல்லாத ஒன்றை விற்கிறார் என்று பொருள்.

காவலாளி இளைஞர். அதே கிராமத்துக்காரராக இருக்க வேண்டும். பாட்டியை நேரே பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “எனக்கும் தெரியும், மிஸ். மேலே இருந்து சொல்லச் சொல்கிறார்கள்” என்றார். போய்விட்டார்.

பாட்டிக்குத் தமிழ் நாலு சொல்தான் வரும். எங்கள் கையைப் பிடித்துப் பாயில் உட்கார வைத்தார். அவர்கள் வீட்டிலும் விரதம். வாழையிலை போட்டு ஏழு கறி: பலாக்காய், வாழைக்காய், பூசணி, இன்னும் பெயர் மறந்தவை, கடைசியில் இவர்கள் ‘ரசோன்’ என்று சொல்லும் ரசம். கொஞ்சம் மணலும் கலந்திருந்தது. முந்தின இரவு பட்டினிக்கு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பக்கத்தில் எட்டுக் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை கணக்குத் தீர்க்கப் போனோம். பாக்கி 9,250 என்று எண்ணி எடுத்து வைத்திருந்தேன். சீட்டில் 15,505 இருந்தது. 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி தனியாக 2,775. எல்லாம் சேர்த்த விலை என்றார்களே என்றால், விலைக்குள் வரி என்று யாரும் சொல்லவில்லையாம். ‘தீவுப் பராமரிப்பு’ ஆளுக்கு ஓர் இரவுக்கு 600 வீதம் 2,400. எங்களைத் தவிர அந்தத் தீவைப் பயன்படுத்திய எவரும் அதைக் கட்டினதாகத் தெரியவில்லை. குடிதண்ணீர் ஆறு பாட்டில் 1,080. குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று அறையில் எழுதி ஒட்டியிருந்தது, அதற்குக் கீழேயே பாட்டில்களை வைத்திருந்தார்கள், விலையை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. பணம் கட்டாமல் படகு கிடைக்காது. கட்டினேன்.

முகவரிடம் பேசினால் விடுதியைக் கேளுங்கள் என்கிறார். விடுதி, முகவரைக் கேளுங்கள் என்கிறது. விடுதிக்கு நான் எழுதிய மின்னஞ்சலுக்கு வந்த பதில், “உங்கள் ஏமாற்றத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்” என்று தொடங்கியது. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் பணம் வராது என்பது எனக்குத் தெரியும். நாங்களும் அதற்காகத்தான் அதை எழுதுகிறோம். மூன்றாவது கடிதத்தில் படகுக் காசு 2,500 மட்டும் திரும்பி வந்தது. அதுவும், எண் இல்லாத படகைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்று எழுதிய பிறகு. சுற்றுலா ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். முகவருக்குப் பயண முகவர் உரிமம் இருக்கிறதா என்பதைப் பணம் அனுப்புவதற்கு முன்னால் அங்கேதான் கேட்டிருக்க வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பு. தொழிலே அதுவாக இருந்தும் செய்யவில்லை.

நீங்கள் கேட்க வேண்டியவை இவ்வளவுதான். பெரியவர்களுக்கு மட்டும் என்றால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று எழுத்தில் வாங்குங்கள். படகின் கடைசி நேரமும், வரி சேர்ந்த மொத்தத் தொகையும் உறுதிச்சீட்டில் இருக்க வேண்டும். பகலில் அந்தத் தீவுக்கு வேறு யார் வருவார்கள் என்று விடுதிக்கே போன் செய்து கேளுங்கள். முகவரை நம்பாதீர்கள். மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அது உங்கள் அறையிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதையும் கேளுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

திங்கட்கிழமை அந்தப் பையன், மிஸ் ஒரு தீவில் குடியிருக்கிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டான். நேற்று அதே முகவரின் விளம்பரம் மறுபடி கண்ணில் பட்டது. அதே படம், விலையில் ஐந்நூறு ரூபாய் கூடுதல். ‘தனித்தீவு’ இப்போது ‘மறைவான தனித்தீவு’ ஆகியிருக்கிறது.