ஆஸ்லோ–பெர்கன் ரயில்: எந்தப் பக்கம் உட்காருவது, எங்கே இறங்குவது, எதற்குக் காசு கொடுப்பது

நார்வேயின் ஆஸ்லோவிலிருந்து பெர்கனுக்குப் போகும் ரயில், சுற்றுலாப் பயணிகளுக்கென்று விடப்படும் ரயில் அல்ல. உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்கும் வேலைக்கும் போய்வரும் வழக்கமான தொலைதூர ரயில்தான். கண்ணாடிக் கூரை கிடையாது, ஜன்னலைத் திறக்க முடியாது. ஆனாலும் கடலோரத்தில் கிளம்பி, 1,237 மீட்டர் உயரம் வரை ஏறி, மறுபடியும் கடலோரத்தில் இறங்கும் இந்தப் பயணத்துக்கு ஈடாக ஐரோப்பாவில் வெகு சில பாதைகளே உண்டு. ஆறரை முதல் ஏழு மணி நேரம் ஆகும். பாதை முழுவதுமாகத் திறக்கப்பட்டது 1909-ல்.

முதலில் இருக்கை. ஆஸ்லோவிலிருந்து பெர்கன் போவதானால் இடப்பக்க ஜன்னல். திரும்பி வருவதானால் வலப்பக்கம். பாதையின் உச்சிப் பகுதியில் ஹார்டாங்கர் பனியாறு தெற்கே இருக்கிறது. ரயில் மேற்கே போகும்போது தெற்கு உங்கள் இடக்கைப் பக்கம். முன்பதிவின்போது இருக்கைப் படத்தைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். பெட்டிக்குப் பெட்டி சில இருக்கைகளுக்கு நேரே ஜன்னல் வராது, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள சுவர்தான் வரும். படம் எடுப்பவர்கள் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிக்குள் எரியும் விளக்கு படத்தில் விழும். தெற்குப் பக்கம் என்பதால் வெயில் நாளில் கண் கூசும் என்பதும் உண்மை. அதற்காக வலப்பக்கம் போய்விடாதீர்கள்.

முதல் மூன்று மணி நேரத்தில் அவசரப்பட ஒன்றுமில்லை. டிராமன், ஹொனெஃபொஸ் தாண்டிக் காடும் ஏரியும் பண்ணை வீடுகளுமாகப் போகும். அழகுதான், ஆனால் சாப்பாட்டையும் தூக்கத்தையும் இங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. 794 மீட்டர் உயரத்தில் யைலோ வந்ததும் விழித்திருங்கள். அடுத்து ஹௌகஸ்தோலில் தொடங்கி ஃபின்சே வரை ஏறக்குறைய 27 கி.மீ. தூரம்தான் இந்தப் பயணத்தின் உயிர். மரங்கள் சிறுத்து, பிறகு அறவே இல்லாமல் போகும். பாறை, பாசி, உறைந்த ஏரி, அதற்கப்பால் பனியாற்றின் வெள்ளை விளிம்பு. ஃபின்சே நிலையம் 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே போகக் கார் சாலையே கிடையாது. ஜூனிலும் நடைமேடையை ஒட்டிப் பனி கிடக்கும்.

பலரும் ஏமாறுவது இதற்கப்புறம்தான். ஃபின்சே தாண்டியதும் "இனி இன்னும் நன்றாக இருக்கும்" என்று கேமராவோடு காத்திருப்பார்கள். ரயிலோ 10 கி.மீ.க்கு மேல் நீளமான சுரங்கத்துக்குள் நுழைந்துவிடும். பழைய பாதை மலைமேல் 1,301 மீட்டர் வரை ஏறியது. பனியை அள்ளி மாளாததால் 1993-ல் இந்தச் சுரங்கத்துக்கு மாற்றினார்கள். வெளியே வந்த பிறகும் பனிக் கொட்டகைகள் அடிக்கடி குறுக்கே வரும். தண்டவாளத்தின் மேல் பனி குவியாமலிருக்கக் கட்டிய கூரைகள் இவை. ஹல்லிங்ஸ்கைட் நிலையமே இப்படியொரு கூரைக்குள்தான் இருக்கிறது. 2011-ல் அங்கே தீப்பிடித்து, உள்ளே நின்ற ரயிலும் எரிந்தது. பயணிகள் எல்லோரும் தப்பித்தார்கள். எனவே படம் எடுப்பதையெல்லாம் ஃபின்சேக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒரே விதிவிலக்கு மிர்தால் வருவதற்குச் சற்று முன்னால். சுரங்கங்களுக்கு இடையில் சில நொடிகள் மட்டும் வலப்பக்கம் ஃப்லோம் பள்ளத்தாக்கு அதலபாதாளமாகத் தெரியும்.

மிர்தாலில் இறங்கி ஃப்லோம் கிளை ரயிலைப் பிடிப்பதா, நேரே பெர்கன் போவதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. ஃப்லோம் ரயில் 20.2 கி.மீ. தூரத்துக்குள் 866 மீட்டரிலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்குகிறது. 20 சுரங்கங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். சரிவு 18-க்கு 1. நம் நீலகிரி ரயிலில் 12-க்கு 1 சரிவு என்பதால் பல்சக்கரம் தேவைப்படுகிறது. இங்கே அது இல்லை. சாதாரண அகலத் தண்டவாளம், சாதாரண சக்கரம், முன்னும் பின்னும் மின் எஞ்சின். ரயில் பொறியியலில் ஆர்வமுள்ளவர்கள் இதற்காகவே போகலாம். நடுவில் ஷோஸ்ஃபொசன் அருவியில் சில நிமிடம் நிற்கும். நடைமேடைவரை சாரல் அடிக்கும், மழைச்சட்டையைக் கையிலேயே வைத்திருங்கள்.

என் தீர்ப்பு: ஃப்லோம் ரயிலில் இறங்கிவிட்டு அதிலேயே திரும்பி ஏறுவது காசுக்குத் தகாது. கீழே இறங்கி, அங்கிருந்து குட்வாங்கனுக்கு இரண்டு மணி நேரப் படகு, அடுத்து வொஸ் ஊருக்குப் பேருந்து, வொஸ்ஸிலிருந்து பெர்கனுக்கு மறுபடி ரயில் என்று போனால் ஒவ்வொரு குரோனும் தகும். படகு போகும் நேரோய்ஃபியோர்ட் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல் கை) சில இடங்களில் 250 மீட்டர் அகலம்தான்; யுனெஸ்கோ பட்டியலில் 2005-ல் சேர்ந்தது. இதே வழியைத் தொகுப்புச் சீட்டாகவும் விற்கிறார்கள். நீங்கள் ஏறுவது அதே பொது ரயில், அதே படகு, அதே பேருந்துதான். வழிகாட்டி யாரும் கூட வருவதில்லை. தேதி உறுதியாக இருந்தால் தனித்தனியாக வாங்குங்கள். ரயிலுக்கான மலிவுச் சீட்டுகள் முதலில் தீர்ந்துவிடும் என்பதால் அவற்றை முன்கூட்டியே எடுங்கள். அவற்றைப் பிறகு மாற்ற முடிகிறதா என்று விதிகளையும் படித்துவிடுங்கள். யூரெயில் பாஸ் (பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கான பொதுச் சீட்டு) வைத்திருப்பவர்களுக்கு ஃப்லோம் ரயில் இலவசம் இல்லை, தள்ளுபடி மட்டும்தான்.

எங்கே பிசகும்? பாதையின் பெரும்பகுதி ஒற்றைத் தடம். எதிர்வண்டி தாமதமானால் உங்கள் வண்டியும் நிலையத்தில் காத்திருக்க வேண்டும். அந்தத் தாமதம் மிர்தால் இணைப்பைக் கெடுத்தால் படகு, பேருந்து எல்லாம் வரிசையாகக் கெடும். நாளின் கடைசிப் படகை நம்பித் திட்டம் போடாதீர்கள். கோடையில் தண்டவாள வேலைக்காக ஒரு பகுதிக்கு ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவதும் உண்டு. சீட்டு எடுக்கும்போதே அந்தக் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். ஃப்லோமில் பெரிய கப்பல்கள் நிற்கும் நாட்களில் மதிய ரயில்கள் நிரம்பி வழியும். டிசம்பரில் போவதானால் காலை வண்டிதான் ஒரே வழி. நண்பகல் வண்டி ஃபின்சே போய்ச் சேரும்போது இருட்டிவிடும்.

ரயிலில் சிற்றுண்டிப் பெட்டி உண்டு. காபி கிடைக்கும், சைவர்களுக்குத் தேர்வு குறைவு, விலையோ அதிகம். முந்தின நாளே ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மளிகைக் கடைகள் மூடியிருக்கும். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீர் சுத்தமானது. பெட்டிகளை நீங்களேதான் தூக்க வேண்டும் என்பதால் ரயில், படகு, பேருந்து என்று மாறுபவர்கள் ஆளுக்கு ஒரு சிறு பெட்டியோடு நிறுத்திக்கொள்வது நலம்.

பெர்கனில் ஆண்டுக்கு 2,200 மி.மீ.க்கு மேல் மழை. சென்னைக்கு வருவது 1,400 மி.மீ. அளவுதான். ஆகவே ஒரே நாளில் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் திட்டம் மழையில் போகும். இரண்டு இரவாவது தங்குங்கள். நிலையத்திலிருந்து பிரிக்கன் மர வீடுகள் கால்மணி நேர நடைதான். 320 மீட்டர் உயரமுள்ள ஃப்ளோயன் மலைக்கு இழுவை ரயிலில் சீட்டு எடுக்குமுன் கீழிருந்து அண்ணாந்து பாருங்கள்; உச்சி மேகத்துக்குள் இருந்தால் மறுநாள் போங்கள். ஆஸ்லோவுக்குத் திரும்ப இரவு ரயிலும் இருக்கிறது. விடுதிச் செலவு மிச்சமாகும், ஆனால் மலையைப் பகலில் ஒரு முறை கடந்தவர்கள் மட்டும் அதை எடுக்கலாம்.