ஐடிஓவுக்கு மாற்றாக ஒரு நீலப் புட்டி

விளக்குகளில் ஒளி ஊடுருவும் மின்முனையாக வழக்கமாகப் பூசுவது ஐடிஓ, அதாவது இந்தியம் வெள்ளீய ஆக்சைடு. அதற்கு மாற்றாக நான் முயன்று பார்த்தது, ஆறு மாதம் எங்கள் ஆய்வகக் குளிர்பெட்டியில் இருந்த ஒரு 100 மில்லி புட்டி. உள்ளே பேனா மையைப் போன்ற கருநீலத் திரவம்: பெடாட், பிஎஸ்எஸ் என்ற இரு பாலிமர்களின் கலவை. மின்சாரத்தைக் கடத்துவது பெடாட். அது தானாக நீரில் கரையாது. அதைத் தாங்கிப் பிடித்து நீரில் பரவ வைப்பது பிஎஸ்எஸ். அதுவோ மின்சாரம் கடத்தாத பண்டம். 100 மில்லியில் திடப்பொருள் ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதல், மீதியெல்லாம் தண்ணீர். விலையைப் பார்த்தபின் இதை நினைக்காமல் இருப்பது நல்லது.

வாங்கும்போது பெடாட்டுக்கும் பிஎஸ்எஸ்ஸுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். மின்முனைக்கு வேண்டியது 1:2.5 வகை. 1:6 வகை ஐடிஓவின் மேல் பூசும் இடையடுக்குக்கானது. நிறம் இரண்டுக்கும் நீலமே. நான் முதலில் தவறானதை எடுத்துப் பூசி, ஒரு வாரம் மீட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சரியான வகையையும் அப்படியே பூசினால் பயனில்லை. 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சேர்த்தால்தான் கடத்துதிறன் நூற்றுக்கணக்கான மடங்கு ஏறுகிறது. 80 நானோமீட்டர் படலத்தில் எனக்குக் கிடைத்த தகட்டு மின்தடை (படலத்தின் ஒரு சதுரத்துக்கான மின்தடை) 160 ஓம். ஐடிஓ கண்ணாடியில் இது 15 ஓம் அளவில் இருக்கும். இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: 2 மில்லிமீட்டர் ஓஎல்இடி (கரிமப் பொருளால் ஒளிரும் மெல்லிய விளக்கு) சீராக எரிந்தது, ஒரு சென்டிமீட்டர் சதுரத்திலோ இணைப்புள்ள ஓரம் பளிச்சென்றும் நடுப்பகுதி மங்கியும் இருந்தன. அடியில் மெல்லிய வெள்ளிக் கோடுகள் படியவைத்த பிறகே பரவாயில்லை என்றானது.

பிளாஸ்டிக் தாளில் பூசுவது தனிப் பாடு. தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடிவிடும். முதலில் தாளைப் புறஊதா ஓசோனில் வைக்க வேண்டும். பூசுமுன் கலவையை வடிக்கும் 0.45 மைக்ரான் வடிகட்டி அடைத்துக்கொண்டபோது ஊசிக்குழலை அழுத்தினேன். வடிகட்டி கழன்று தெறித்ததில் என் வெள்ளை மேலங்கி இன்றும் நீலப் புள்ளிகளோடுதான் இருக்கிறது. கலவை அமிலத்தன்மை உடையது, ஈரத்தையும் இழுக்கும். சூடாக்கி உலர்த்திய படலத்தை மழைநாளில் வெளியே விட்டுவிட்டேன். அதன்மேல் செய்த விளக்கில் மறுநாளே கரும்புள்ளிகள்.

இத்தனைக்கும் பிறகு ஏன் விடவில்லை? தாளைப் பேனாவில் சுற்றி ஐம்பது முறை வளைத்தேன், விளக்கு எரிந்தது. அதே தாளில் ஐடிஓ பூசியது சில வளைவுகளிலேயே விரிசல் விட்டது. 1992-லேயே அமெரிக்க அறிவியலாளர் ஆலன் ஹீகர் குழுவினர் பாலிஅனிலீன் என்ற வேறொரு கடத்தும் பாலிமர் மின்முனையால் வளையும் விளக்கைச் செய்து காட்டியிருந்தார்கள். கண்ணாடியில் பெரிய விளக்கு செய்வோருக்கு ஐடிஓவே போதும். வளைய வேண்டுமானால் இந்தப் புட்டி.

இரண்டாவது புட்டி வந்துவிட்டது. முதலாவதின் மிச்சத்தை யாரோ உறைபெட்டிக்குள் தள்ளிவிட, உருகியபோது திரிந்த பால்போலக் கட்டி கட்டியாக இருந்தது. இப்போது குளிர்பெட்டிக் கதவில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு: "நீலப் புட்டியை உறைய வைக்காதீர்கள்."