பெட்டி பளபளக்கும், ரேக் பல்லிளிக்கும்: பழைய கரிஸ்மாவுக்கு சைடு பாக்ஸ் மாட்டப் போகிறவர்களுக்கு

செங்கோட்டைப் பக்கம் "அதெல்லாம் செட் ஆயிரும் அண்ணாச்சி" என்பார்கள். ஆரியங்காவு தாண்டினால் "அதொக்கெ செட்டாக்காம் சேட்டா". மொழிதான் வேறு, வாக்கியம் ஒன்றுதான். பழைய வண்டிக்கு ரேக் தேடுகிறவரின் பணம் போவது இந்த வாக்கியத்தை நம்பித்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் உள்ள ஒரு பட்டறையில், 2007 மாடல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா பைக் ஒன்றுக்கு சைடு ரேக் ஜோடி (பின்னால் இரு பக்கமும் பெட்டியைத் தாங்குகிற குழாய்ச் சட்டம்), டாப் பிளேட், இரண்டு ஹார்டு பாக்ஸ் என்று மொத்தம் 14,000 ரூபாய்க்குப் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்து, மாட்டி வாங்கிய வேலையின் கணக்கு இது. பட்டறையின் பெயர் இங்கே வராது. சொன்னது: "கரிஸ்மாவுக்கென்றே அச்சு வைத்துச் செய்தது, 14 கேஜ் பைப், 304 ஸ்டெயின்லெஸ் போல்ட், பெட்டி இத்தாலி." நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை. தென்மலை வளைவுகளில் 600 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் வலது ரேக்கின் மேல் வெல்டிங் ஓரம் கீறல் விட்டது. பிறகு எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்ததில் தெரிந்தவைதான் கீழே.

முதலில் "கரிஸ்மா ரேக்" என்ற பெயரே ஒரு பொறி. 2003ல் வந்த முதல் கரிஸ்மா வேறு, 2009ல் வந்த இசட்எம்ஆர் வேறு. இரண்டுக்கும் வால் பகுதி ஒன்றல்ல. 2023ல் வந்த எக்ஸ்எம்ஆர் 210 முற்றிலும் புதிய வண்டி, பின்னால் மோனோஷாக், அதாவது நடுவில் ஒரே ஷாக். பழசுக்கு இரண்டு பக்கமும் ஷாக். புதுசுக்கு வந்த ரேக்கைப் பழசின் மேல் ஏற்ற வழியே இல்லை, அறுத்து ஒட்டினாலொழிய. அறுத்துத்தான் ஒட்டியிருந்தார்கள். எந்த வண்டியின் ரேக்கை என்று அவர்களுக்கே தெரியுமோ என்னவோ. பெயிண்டை மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்ததும் கிரைண்டர் போட்ட வரிகள் தெரிந்தன. பவுடர் கோட்டிங் என்று சொன்னது வெறும் ஸ்பிரே. பவுடர் கோட்டிங் மண்ணெண்ணெய்க்கு இப்படிக் கரையாது. இன்னொரு அடையாளம் துளை. அச்சு வைத்துச் செய்த ரேக்கில் துளை வட்டமாக இருக்கும், அல்லது சீராக அறுத்த நீள்துளையாக இருக்கும். டிரில்லை ஆட்டி ஆட்டிப் பெரிதாக்கிய துளை முட்டை மாதிரி கோணலாக இருக்கும், ஓரத்தில் பிசிறு நிற்கும்.

பைப்பின் கனத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது; முனைகளில் மூடி வைத்து அடைத்திருப்பார்கள். ஆனால் தராசு பொய் சொல்லாது. 19 மி.மீ. வெளிவிட்டமுள்ள இரும்புக் குழாய் 14 கேஜ் என்றால் சுவர் 2 மி.மீ., மீட்டருக்கு ஏறக்குறைய 840 கிராம். 18 கேஜ் என்றால் சுவர் 1.2 மி.மீ., மீட்டருக்கு 530 கிராம்தான். ரேக்கில் எத்தனை மீட்டர் குழாய் போயிருக்கிறது என்று ஒரு நூலை வளைவோடு வளைவாகப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். நான்கு மீட்டர் என்றால் தட்டுகள், காதுகள் (போல்ட் போட நீட்டி வைக்கிற தகடுகள்) சேராமலே 3.3 கிலோ இருக்க வேண்டும். அந்த ஜோடியில் நான்கு மீட்டருக்குச் சற்றே கூட இருந்தது; காதுகளோடு சேர்த்து நிறுத்ததில் 2.6 கிலோ. 14 கேஜுக்குக் காசு, 18 கேஜுக்குப் பொருள்.

பைப் மெல்லியது என்ற ஒரே காரணத்தால் ரேக் உடைந்துவிடாது, அதையும் சொல்லிவிட வேண்டும். 16 கேஜ் பைப்பில், முக்கோணத் தாங்கு தட்டு வைத்து ஒழுங்காகச் செய்த ரேக் வருஷக்கணக்கில் ஓடும். உடைவது மூட்டில். பெட்டியின் பாரம் வெளிப்பக்கம் தொங்குகிறது. ஒவ்வொரு குழியிலும் அது ரேக்கை வெளியே இழுத்து உள்ளே தள்ளுகிறது. இந்த ஆட்டம் போய்ச் சேருமிடம் வெல்டிங் முடிகிற ஓரம். அதனால்தான் இடது, வலது ரேக்குகளை நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஒரு குறுக்குக் கம்பியால் பிணைக்க வேண்டும். பிணைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் இரண்டும் தனித்தனியே சிறகடிக்கும். அந்தப் பட்டறை இந்தக் கம்பியையே வைக்கவில்லை. கேட்டதற்கு "லுக் போயிடும்" என்று பதில். கம்பி வைக்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: பின்னால் ஆள் உட்கார்ந்து ஷாக் முழுதாக அமுங்கினாலும் மட்கார்டோ டயரோ அதில் இடிக்கக் கூடாது.

போல்ட் விஷயம் இதைவிட மோசம். 304 என்று நிரூபிக்கக் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள்: ஒட்டவில்லை பாருங்கள், அசல் ஸ்டெயின்லெஸ். 202 கிரேடிலும் காந்தம் பெரிதாக ஒட்டாது. ஆக அந்த வித்தையால் எதுவும் நிரூபணம் ஆகாது. 202 விலை குறைவு. கொல்லம், நீண்டகரைப் பக்கம் கடல் காற்றில் போய் வந்தால் சீக்கிரமே செம்புள்ளி பிடிக்கும். பார்க்க வேண்டியது போல்ட்டின் தலை. ஏ2-70 என்று பொறித்திருந்தால் 304 வகை. இரும்பு போல்ட் என்றால் 8.8 என்று இருக்க வேண்டும். மொட்டைத் தலையாக, எந்த எண்ணும் இல்லாமல் இருந்தால் அது கேட் கீலுக்குப் போடுகிற போல்ட், வண்டிக்கு ஆகாது. இங்கே வந்த எட்டும் மொட்டை.

மரையிலும் கவனம் வேண்டும். ஜப்பானிய வம்சத்து வண்டிகளில் 10 மி.மீ. போல்ட்டுக்குப் பெரும்பாலும் 1.25 மரை (மரைக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ.). ஹார்டுவேர் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தருவது 1.5. கையால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். பட்டறைக்காரர் "டைட்டா இருக்கு, நல்லது" என்று ஸ்பானரைப் போடுவார். அத்தோடு ஃபிரேமின் மரை போய்விடும். அதைச் சரிசெய்ய ஹெலிகாயில் (துளைக்குள் மரையாக வைக்கிற கம்பிச் சுருள்) போட வேண்டும், அதற்கு லேத் பட்டறைக்கு அலைய வேண்டும். எந்த போல்ட்டும் கடைசிவரை விரலால் ஏற வேண்டும். ஏறாவிட்டால் நிறுத்துங்கள்.

ஷாக்கின் மேல் முனையில் ரேக்கின் காதை மாட்டுகிற வழக்கம் இருக்கிறது. தப்பில்லை, ஆனால் காது 5 மி.மீ. கனம் என்றால் அந்த அளவு மரையை அது தின்றுவிடும். நட் இறுகிய பிறகு வெளியே குறைந்தது இரண்டு மரை தெரிய வேண்டும். தொப்பி நட் என்றால் உள்ளே தெரியாது. சாதா நைலாக் நட் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. இடைவெளியை நிரப்ப வாஷரை அடுக்கக் கூடாது, லேத்தில் கடைந்த ஒரே புஷ் போட வேண்டும். இந்த வண்டியில் ஒரு பக்கம் ஐந்து வாஷர் அடுக்கியிருந்தது. கல்யாண வீட்டு இட்லி அடுக்கு மாதிரி.

மாட்டும் வரிசையும் முக்கியம். எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றி, ரேக்கை ஆட்டி இருப்பிடம் சரிபார்த்து, பிறகு ஃபிரேம் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக முறுக்க வேண்டும். 8 மி.மீ. 8.8 போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர், 6 மி.மீ.க்கு 10 போதும். கடைசித் துளை பொருந்தவில்லை என்று கடப்பாரையால் நெம்பி மாட்டினால், பாரம் ஏற்றுவதற்கு முன்பே ரேக் பாதி இழுவிசையில் நிற்கும். அதுதான் முதலில் கீறும். மரை கழலாமல் பிடிக்கிற நீல நிறப் பசை, லாக்டைட், ஒரு சொட்டு, தலையிலிருந்து காதுவரை பெயிண்ட்டால் ஒரு கோடு. 100 கிலோமீட்டர் ஓடிய பின் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்து மறுபடி முறுக்குங்கள்.

ஃபிரேமில் துளை போடலாமா, வெல்டு வைக்கலாமா என்றால், கூடாது. பின் ஃபிரேம் குழாயில் துளை போட்ட இடமே பிறகு உடைகிற இடம். வெல்டு வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: எஃப்ஐ (ஃப்யூல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் பேட்டரியையும், எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியுவையும் கழற்றாமல் வெல்டு வைத்தால் எலெக்ட்ரானிக்ஸே போய்விடலாம். இசட்எம்ஆரும் அந்த வகைதான்; வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள்.

பெட்டிக்கு வருவோம். இத்தாலியின் கிவி கம்பெனிப் பெட்டிகளில் மோனோகீ, மோனோலாக் என்று இரண்டு பூட்டு முறைகள். ஒன்றின் பெட்டி மற்றதன் பிளேட்டில் உட்காராது. மோனோலாக் சிறிய டாப் பாக்ஸுக்கானது, பக்கத்தில் தொங்கவிட அல்ல. நகல் பெட்டி செய்கிறவர்கள் இரண்டையும் கலந்து ஏதோ ஒரு கொக்கி வைத்திருப்பார்கள். பார்க்க அதே மாதிரி இருக்கும். கொக்கி மட்டும் வார்ப்பு ஜிங்க், விரல் கனம்கூட இராது. சோதனை எளிது: பெட்டியை மாட்டிப் பூட்டி, கீழ் ஓரத்தைப் பிடித்து வெளியே இழுங்கள். புதுப் பெட்டி இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் ஆடினால் வேண்டாம். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பிளேட்டோடும் சாவியோடும் வாங்குங்கள். பிளேட் தனியாகத் தேடக் கிளம்பினால் பெட்டியின் விலையைத் தொட்டுவிடும்.

குற்றால சீசனில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற சாரல் பக்கவாட்டில் அடிக்கும், மேலிருந்து விழுகிற மழைக்குத் தாங்குகிற மூடி இதற்குத் தாங்காது. பெட்டிக்குள் செய்தித்தாளை விரித்து மூடி, பத்து நிமிஷம் தண்ணீர்க் குழாயால் பக்கவாட்டில் அடித்துத் திறந்து பாருங்கள். இந்தப் பெட்டிகளில் தாள் ரிவெட்டைச் சுற்றித்தான் நனைந்திருந்தது. நடுவில் துளை உள்ள சாதா பாப் ரிவெட் போட்டிருந்தார்கள். முனை மூடிய ரிவெட் போட்டு, அடியில் சிலிக்கான் வைத்தால் நிற்கும். அலுமினியப் பெட்டி வாங்குகிறவர்கள் தகடு 1.5 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள், பெட்டிக்கும் இரும்பு ரேக்குக்கும் நடுவே ரப்பரோ நைலானோ வையுங்கள். நேரடியாகத் தொட்டு நனைந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூக்கும்.

கரிஸ்மாவின் சைலன்சர் வலது பக்கம். வலது பெட்டியின் அடிமூலைக்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளி வேண்டும், பாரம் ஏற்றி ஷாக் அமுங்கிய நிலையில் அளந்து. நிறுத்தி வைத்து அளந்தால் கணக்கு தப்பும்.

எவ்வளவு ஏற்றலாம்? பக்கப் பெட்டிக்கு ஒன்றுக்குப் பத்து கிலோ, இரண்டும் சம எடை. கனமானதை அடியில், வண்டிப் பக்கம். டாப் பாக்ஸில் 15 கிலோ ஏற்றுகிறவர்கள் ஒரு கணக்குப் போடட்டும்: பெட்டியின் நடுப்பகுதி, பின் சக்கர அச்சுக்கு 300 மி.மீ. பின்னால் என்றும், சக்கர இடைவெளி 1350 மி.மீ. என்றும் வைத்தால், முன் சக்கரத்திலிருந்து 3.3 கிலோ குறைந்து பின்னால் 18.3 கிலோ கூடுகிறது. முன்பக்கம் லேசானால் வளைவில் ஹேண்டில் மிதக்கும், வேகத்தில் வால் ஆடும். டாப் பாக்ஸுக்கு மழைக்கோட்டும் துணியும் போதும். டூல்ஸ் அங்கே போகக் கூடாது.

சட்டத்துக்கு வருவோம், இது அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது கேரளத்து வழக்கொன்றில்தான். பின்னால் வைக்கும் பெட்டிக்கு 2020ல் அளவும் வந்தது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மி.மீ.க்குள். பெட்டி பின் இருக்கையில் உட்கார்ந்தால் ஓட்டுபவர் மட்டும்தான் போகலாம். பின் இருக்கைக்காரருக்குக் கைப்பிடி கட்டாயம். அந்தப் பட்டறை ரேக் உட்காரவில்லை என்று அந்தக் கைப்பிடியான கிராப் ரெயிலைக் கழற்றித் தன்னிடமே வைத்துக்கொண்டது. திரும்பக் கேட்டபோது "ஸ்கிராப்பில் போயிடுச்சு". பழைய கரிஸ்மாவின் கிராப் ரெயிலை இன்று தேடிப் பாருங்கள், தெரியும். இண்டிகேட்டரையும் நம்பர் பிளேட்டையும் பெட்டி மறைத்தாலும் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள்.

பணத்தைக் கேட்டபோது வந்த பதில்: "பில் இருக்கா? இருந்தாலும் புனலூரில் வந்து கேஸ் போடுங்க." பில் இல்லை, ஜிபே ரசீதும் வாட்ஸாப் பேச்சும் இருந்தன. அவை போதும். இரண்டாவது பாதி மிரட்டல் தவறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, அவகாசம் இரண்டு வருஷம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்துவிடுங்கள். கழற்றுவதற்கு முன் போல்ட்டின் தலை, கீறல், வாஷர் அடுக்கு எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள்; கழற்றிய பின் ரேக்கைத் தராசில் வைத்தும் ஒரு படம். பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சாட்சி போய்விடும்; எழுத்தில் ரசீது வாங்காமல் ரேக்கைக் கையை விட்டு விடாதீர்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் பில்லில் எழுத வைக்க வேண்டியது இவ்வளவுதான்: வண்டியின் மாடலும் வருஷமும், பைப்பின் வெளிவிட்டமும் கேஜும், போல்ட்டின் கிரேடு, குறுக்குக் கம்பி உண்டு, ஃபிரேமில் துளையோ வெல்டோ இல்லை, கழற்றிய அசல் பாகங்கள் வண்டிக்காரரிடமே. இரண்டு நிமிஷ எழுத்து. அந்தப் பட்டறையில் பேனா இருந்தது, பில் புக்தான் "நாளைக்கு வரும்" என்றார்கள்.