மூன்றாவது பாஸ் வந்தால் கூலி கூடுமா? மென்பொருளுக்கு ஒரு பதில்

ஹட்டன் பக்கம் ஒரு வீட்டுக்குப் பின்னால் கருங்கல் தாங்குசுவர். 2 பாஸ்மார் (கல் கட்டும் மேசன்மார்), 5 நாள், ஆளுக்கு நாள் சம்பளம் 4,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கூலி 40,000. மழைக்கு முன் முடிக்கவேண்டும் என்று இன்னொரு பாஸைச் சேர்க்கிறோம். இப்போது எத்தனை நாள், எவ்வளவு கூலி? வேலைத்திட்டம் போடும் மென்பொருள் ஒவ்வொன்றும் இதற்கு ஒவ்வொரு பதில் சொல்லும்.

கான்ட்புரொஜெக்ட் இலவசம், பழகவும் லேசு. ஆனால் அதில் நாட்களை நாமேதான் கொடுக்கவேண்டும். ஆளைக் கூட்டினாலும் நாள் குறையாது. அதே 5 நாள், கூலி மட்டும் 60,000. கொங்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக் காக்கும் 7 நாளுக்கு அந்தக் கணக்கு பொருந்தும், எத்தனை பேர் சுற்றி நின்றாலும் அது அவசரப்படாது. கல் கட்டுக்குப் பொருந்தாது.

மைக்ரோசொப்ட் புரொஜெக்ட்டின் அடிப்படை, வேலை மணி = நாள் × நாளுக்கு 8 மணி × ஆள். ஒவ்வொரு வேலைக்கும் எதை மாறாமல் வைப்பது என்று நாம் சொல்லவேண்டும். ‘ஃபிக்ஸ்ட் வேர்க்’ போட்டால் 80 மணி அப்படியே நிற்கும். மூன்று பேருக்கு 3.33 நாள், கூலி பழைய 40,000. பலர் இந்தத் தெரிவைத் தொடுவதே இல்லை, அப்புறம் மென்பொருள் பிழை என்கிறார்கள். புரொஜெக்ட்லிப்ரேயிலும் இதே தெரிவுகள் உண்டு, காசும் இல்லை.

சரி, 3.33 நாளுக்கு எந்த பாஸ் சம்பளம் வாங்குவார்? அரைநாள் உண்டு, முழுநாள் உண்டு, மூன்றில் ஒரு நாள் கிடையாது. மூன்றரை நாள் என்றால் 42,000. இரண்டு மணிக்கு மழை பிடித்தும் முழுச்சம்பளம் கொடுக்கும் இடமென்றால் நாலு நாள், 48,000. இதை எக்செல் லேசாகச் செய்யும்: சீலிங் சூத்திரத்தில் 0.5 என்று கொடுத்தால் அரைநாளுக்கு உயர்த்திவிடும். ஆனால் ஒரு வேலை பிந்தினால் அடுத்தவை தானாகத் தள்ளிப்போக, எக்செல்லில் ஒவ்வொன்றுக்கும் நாமே சூத்திரம் கட்டவேண்டும். அங்கேதான் அலுத்துப்போகும்.

நாட்காட்டியையும் பாருங்கள். புரொஜெக்ட்டின் வழக்கமான நாட்காட்டி திங்கள் முதல் வெள்ளி வரை; நம்மிடம் சனியும் வேலை, போயா (பௌர்ணமி) லீவு. கினிகத்தேனையில் ஜூன் மாத மழையைப் பார்த்துப் போடும் அதே நாட்காட்டியைப் பண்டாரவளைக்குப் போடமுடியாது; அங்கே பெருமழை ஒக்டோபர், நவம்பரில். இடத்துக்கு ஒரு நாட்காட்டி என்று வைத்துக்கொள்ள புரொஜெக்ட்டும் புரொஜெக்ட்லிப்ரேயும் இடம் தரும்.

எந்த மென்பொருளும் கேட்காத ஒன்று சுமைக்கூலி. லொறி ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே மணலும் சீமெந்தும் தலைச்சுமைதான். அதைச் சுவர் வேலைக்குள் புதைக்காமல் தனி வேலையாகப் போடுங்கள். சில இடத்தில் அதற்குத்தான் கூடுதல் நாள் போகும்.

ஒரு வீடு, ஒரு சுவர் என்றால் எனக்கு எக்செல் போதும். நாலைந்து வீடு ஒரே ஆட்களை வைத்து ஓடினால் புரொஜெக்ட்லிப்ரே. கொந்தராத்துக்கு விட்ட வேலை என்றால் பேசிய தொகையை ‘ஃபிக்ஸ்ட் கொஸ்ட்’டில் போட்டு, அந்த ஆட்களின் சம்பளத்தைப் பூச்சியமாக்குங்கள், இரண்டையும் அப்படியே வைத்தால் கூலி இரட்டிப்பாக ஏறிவிடும்.