தோட்டப்பாளையம் டிடிபி கடை: படித்துப் பார்த்து அச்சடிக்கிறார்கள்

வேலூரில் தமிழ் எழுத்து உடையாமல் போர்டு அடித்துத் தரும் கடை எது என்று யார் கேட்டாலும், இனிமேல் தோட்டப்பாளையத்து சந்துக்குள் இருக்கும் இந்தக் கடையைத்தான் கை காட்டுவேன். சின்னக் கடை, ரெண்டு கம்ப்யூட்டர், நடத்துவது ஒரு பெண்.

மார்ச் 8 மகளிர் தினத்துக்கு அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் சார்பில் ஒரு கண்காட்சி வைத்தோம். ஐஸ்லாந்து நாட்டின் முன்னாள் குடியரசுத் தலைவர் விக்திஸ் ஃபின்போகதோத்திர் பற்றி எட்டு போர்டு. ஏன் அந்த அம்மா என்று ஊரில் பலர் கேட்டார்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டமே வந்த பிறகும், கூட்டம் நடந்தால் நாற்காலியில் புருஷன் உட்காருகிறார், மனைவி வீட்டில் கையெழுத்துப் போடுகிறாள். இதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, விவாகரத்து ஆகி, தனியாக ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்துக்கொண்டே நாட்டுக்குத் தலைவரான ஒருத்தரைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

முதலில் வேறொரு கடையில் கொடுத்து 800 ரூபாய் அட்வான்ஸும் போனது. எழுத்துரு மாற்றும்போது கொம்பெல்லாம் இடம் மாறி, ‘பெண்’ என்ற சொல்லே படிக்க முடியாமல் வந்தது. திருத்தச் சொன்னால், யார் மேடம் உட்கார்ந்து படிக்கப் போறாங்க என்றார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

இந்தக் கடைக்காரப் பெண் அப்படி இல்லை. அடிக்க அடிக்கப் படிக்கிறார். முதல் போர்டிலேயே கையை நிறுத்தி, “டீச்சர், இவங்களுக்கு இனிஷியல் இல்லையா?” என்றார். ஃபின்போகதோத்திர் என்றால் ஃபின்போகியின் மகள் என்று அர்த்தம், அங்கே குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது, நம்மை மாதிரியே அப்பா பெயர்தான், நாம் முன்னால் ஒரு எழுத்தாக வைக்கிறோம், அவர்கள் பின்னால் முழுசாக வைக்கிறார்கள் என்று சொன்னேன். “அப்போ நம்ம ஆளுதான்” என்று சொல்லிவிட்டு அந்த விளக்கத்தையும் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் சேர்த்துவிட்டார். கண்காட்சியில் பிள்ளைகள் அதிக நேரம் நின்றது அந்த வரிக்கு முன்னால்தான், ஆளாளுக்குத் தன் பெயரை அந்த ஊர் முறையில் சொல்லிப் பார்த்தார்கள்.

நான் ‘உலகின் முதல் பெண் தலைவர்’ என்று எழுதியிருந்தேன். இலங்கையில் சிறிமாவோ 1960லேயே பிரதமராகிவிட்டாரே என்றார். சரிதானே! ‘மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் பெண் குடியரசுத் தலைவர்’ என்று மாற்றினோம். அப்புறம் விக்திஸ் வாங்கிய ஓட்டு 33.6 சதவீதம் என்பதைப் பார்த்து, இவ்வளவு கம்மியா, நான் தப்பாக எழுதிவிட்டேனோ என்று கேட்டார். தப்பில்லை, 1980 ஜூன் 29 தேர்தலில் நாலு பேர் போட்டி, மற்ற மூவரும் ஆண்கள், அடுத்து வந்தவருக்கு 32.3. அந்த ரெண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பெரிசாகப் போட்டது அவர் யோசனை. 1984லும் 1992லும் எதிர்த்து நிற்க ஆளே இல்லை, 1996 வரை 16 வருஷம் பதவி.

1975 அக்டோபர் 24 பற்றிய போர்டுதான் எனக்கு உயிர். அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் ஆபீஸ் வேலையும் செய்யவில்லை, வீட்டு வேலையும் செய்யவில்லை, அப்பாக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். நாடகக் குழுவின் இயக்குநராக இருந்த விக்திஸும் ஒத்திகையை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்துக்குப் போனார். ஐந்தே வருஷத்தில் அவர் குடியரசுத் தலைவர். இந்த போர்டுக்குப் படம் வேண்டாம், எழுத்தே போதும் என்று அந்தப் பெண் சொன்னது மிகச் சரி.

இன்னொன்று. தேர்தலுக்கு முன்பே விக்திஸுக்கு ஒரு மார்பகம் அகற்றப்பட்டிருந்தது. நான் ‘உடல்நலக் குறைவு’ என்று பூசி மெழுகி எழுதியிருந்தேன். என்ன நோய் என்று கேட்டவர், “நாடு முழுக்க இருந்து வைத்தியத்துக்கு வர்ற ஊர் டீச்சர் இது, இங்க போய் எதுக்கு மறைக்கணும்?” என்று சொல்லி ‘மார்பகப் புற்றுநோய்’ என்றே அடித்தார். பிரச்சாரத்தில் ஒருவர் அதைக் குத்திக் கேட்டபோது, நாட்டுக்குப் பால் கொடுக்க நான் வரவில்லை என்ற பொருளில் விக்திஸ் சொன்ன பதிலையும் அதற்குக் கீழே சேர்த்தோம்.

1985இல் விமானப் பணிப்பெண்கள் வேலைநிறுத்தத்தை முடிக்கும் சட்டம் கையெழுத்துக்கு வந்த அன்று அதே அக்டோபர் 24, விக்திஸ் தள்ளிப் போட்டுப் பார்த்து, கடைசியில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணுக்கு அதில் வருத்தம்தான், எனக்கும்தான். அதையும் விடாமல் போட்டோம்.

கடைசி போர்டில் மூன்று மரக்கன்று. விக்திஸ் போகிற இடமெல்லாம் மூன்று கன்று நடுவார், ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று, இனி பிறக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. அவர் நட்டது பிர்ச் மரம், அதன் இலை எப்படி இருக்கும் என்று கடைக்காரப் பெண் தேடிப் பார்த்து கையாலேயே வரைந்து ஸ்கேன் செய்திருந்தார்.

குறையும் உண்டு. சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் தாமதம். நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு போர்டில் ஓரம் பிரிந்துகொண்டு வந்தது, திரும்ப எடுத்துப் போனதும் காசு வாங்காமல் ஒட்டிக் கொடுத்தார். ரெண்டுக்கு மூணு அடி சன்போர்டு (ஃபோம் அட்டை) எட்டுக்கு 3,600, டைப்பிங், டிசைனுக்கு 600. கடைசி நேரத்தில் ஓடாமல் ஒரு வாரம் முன்னாலேயே கொடுங்கள். கூகுள் பே உண்டு. வண்டி நிறுத்த இடம் கிடையாது, மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போய்விடுங்கள். ஞாயிறு லீவு.