திருவையாற்றில் அப்பாவுக்குக் கிடைத்த நாற்காலி

பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தத் தை மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு திருவையாற்றில் நடக்கும் தியாகராஜர் ஆராதனை இசை விழாவுக்குப் போய் வந்தேன். ஐந்து நாள் விழாவில் நாங்கள் இருந்தது, தியாகராஜர் சித்தியடைந்த திதியான பகுள பஞ்சமியன்று காலை மட்டும்தான். ஆனாலும் அன்று எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிவரை ஒரு நாற்காலிக்காக நான் அலைந்த அலைச்சல், அமெரிக்காவில் நான் வசிக்கும் ஆக்ரனுக்குத் திரும்பி மூன்று வாரமாகியும் மனத்தை விட்டு அகலவில்லை.

அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. சென்ற ஆடியில் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை நடந்தது. எக்காரணம் கொண்டும் தரையில் சம்மணமிட்டு உட்காரக் கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பான உத்தரவு. இது தெரிந்ததனால்தான் தஞ்சாவூரில் ஒரு வாடகைக் கார்க்காரரிடம் முதல் நாளே முன்பணம் கொடுத்து, காலை ஆறு மணிக்கு விடுதி வாசலில் வண்டி நிற்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி வைத்தேன். வண்டி வந்தது ஏழரை மணிக்கு. ஓட்டுநர் ஒரு வார்த்தை வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர்தான். வெட்டாறும் குடமுருட்டியும் கடந்து காவிரிப் பாலத்தை எட்டும்போதே கார்கள் வரிசை கட்டி நின்றுவிட்டன. அதற்கு மேல் நடைதான். அமெரிக்காவில் சொன்ன நேரத்துக்கு வண்டி வரவில்லை என்றால் பணத்தையாவது திருப்பிக் கேட்கலாம். இங்கே கேட்டதற்கு, "வந்துட்டோம்ல சார்" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை. விழாப் பந்தலின் பின்பகுதியில் போட்டிருந்த நாற்காலிகள் அதற்குள் நிரம்பிவிட்டன.

நாற்காலி இல்லையென்றால் வெளியே ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று என் தங்கை கேட்டாள். அப்பாவின் கதையை நினைத்துப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டாள். ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாடும் தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகளுக்குப் பஞ்சரத்னம் என்று பெயர். அதில் வராளி ராகக் கீர்த்தனையான 'கன கன ருசிரா'வை குரு நேருக்கு நேர் சீடருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்பாவின் குருவும் அதைக் கடைசிவரை கைவிடவில்லை. நாட்டை, கௌளை, ஆரபி, ஸ்ரீ ராகங்களிலுள்ள மற்ற நான்கையும் அவர் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். வராளியை மட்டும் அப்பா இந்த மணலில் உட்கார்ந்து, பாடுகிறவர்களின் வாயைப் பார்த்தே ஆண்டுக்கு இரண்டு சரணமாகப் பிடித்துக்கொண்டார். நான் சிறுவனாக இருந்தபோது விடியற்காலைப் பேருந்தில் கும்பகோணத்திலிருந்து என்னையும் இழுத்துக்கொண்டு வருவார். தோளில் ஜமுக்காளம், பையில் புளியோதரைப் பொட்டலம். இடம் பிடிப்பதெல்லாம் அப்போது துண்டு விரிப்பதோடு முடிந்துவிடும். அந்த இடத்துக்கு அவரைக் கூட்டிவந்துவிட்டு வேலிக்கு வெளியே நிறுத்திவைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கடைத்தெருவில் ஒரு வாடகைப் பாத்திரக் கடையைப் பார்த்தேன். அண்டாக்களும் மடக்கு மேசைகளும் அடுக்கியிருந்த அந்தக் கடையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரைவரை குவிந்திருந்தன. "ஒண்ணு ரெண்டுன்னா கொடுக்கறதில்லைங்க, குறைஞ்சது இருபத்தஞ்சு எடுக்கணும்" என்றார் கடையிலிருந்த பையன். முன்பணமாக எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்று சொல்லியும் அவன் மசியவில்லை. முதலாளி பத்து மணிக்குத்தான் வருவாராம். பஞ்சரத்னம் ஒன்பதுக்கே தொடங்கிவிடும்.

திரும்பி வரும் வழியில் அப்பாவை ஒரு டீக்கடைத் திண்ணை ஓரம் நிறுத்திவிட்டுத் தண்ணீர் வாங்கினேன். கல்லாவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா இருந்தார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்குக் காலு முடியலையா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நீல நிற நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தார். "இத எடுத்துட்டுப் போங்க தம்பி. பாட்டு முடிஞ்சதும் கொண்டாந்து போட்டுடுங்க." அதன் இடது கைப்பிடி விரிசல் விட்டு, கட்டுக்கம்பியால் சுற்றப்பட்டிருந்தது. கடையில் வேறு நாற்காலி கிடையாது. விழா நாளில் விடிகாலை முதல் கூட்டம் மொய்க்கும் கடையில், அந்த அம்மா அன்று காலை முழுவதும் நின்றுகொண்டுதான் வியாபாரம் பார்த்தார். ஐந்நூறு ரூபாயை நீட்டினேன், வாங்கவில்லை. பெயர், ஊர், கைப்பேசி எண் எதையும் கேட்கவில்லை. டம்ளர் கழுவிக்கொண்டிருந்த தன் மகனைக் கூப்பிட்டு, நாற்காலியைத் தலையில் தூக்கிப் பந்தல்வரை கொண்டு விடச் சொன்னார்.

நான் இருபது ஆண்டுகளாக ஒஹாயோவில் வசிக்கிறேன். 1978 முதல் கிளீவ்லாந்தில் நடந்துவரும் தியாகராஜ ஆராதனைக்கு ஆண்டுதோறும் போகிறேன். வெளியே பனி பெய்துகொண்டிருக்கும். உள்ளே மெத்தை இருக்கையில் சாய்ந்து, கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதே ஐந்து கீர்த்தனைகளைப் பாடுவோம். கோடையில் பிளாசம் திறந்தவெளி அரங்கில் ஆர்க்கெஸ்ட்ரா கேட்கப் போனால் புல்வெளியில் அவரவர் போர்வையை விரித்துக்கொள்வார்கள். முடியாதவர்களுக்குச் சாய்வுப் பாதையும் சக்கர நாற்காலிக்கான இடமும் சட்டப்படியே உண்டு. அந்தச் சட்டத்தின் அருமை அப்பாவின் கால் வலிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது; நம் ஊர்த் திறந்தவெளி விழாக்களுக்கெல்லாம் அது வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை எழுந்து கொடுத்த ஒருவரை இந்த இருபது ஆண்டுகளில் அங்கே நான் சந்தித்ததில்லை.

பந்தலுக்குள் போன பிறகும் சிக்கல் தீரவில்லை. நாற்காலியின் கால்கள் மணலில் புதைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பின்னால் தரையில் இருந்த ஒரு மாமி, மறைக்கிறது என்று குரல் கொடுத்தார். அவர் சொன்னது நியாயம்தான். பந்தல்காரர்களில் ஒருவர் எங்களை ஓரத்து மூங்கில் காலருகே நகர்த்தி, எங்கிருந்தோ இரண்டு பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்து கால்களுக்கு அடியில் கொடுத்தார். அதற்குள் நாகஸ்வரம் முடிந்து, புல்லாங்குழலில் பைரவி ராகக் கீர்த்தனை 'சேதுலாரா' தொடங்கிவிட்டது. அப்பா தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

நாட்டையில் அவர் குரல் எழும்பவில்லை. ஆரபியில்தான் பிடித்துக்கொண்டார். வராளி வந்தபோது எங்கள் முன்னால் நான்கைந்து பேர் கைப்பேசியை உயர்த்திக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஐந்து கீர்த்தனையும் சேர்ந்தே ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். தொலைக்காட்சியில் நேரலையாக வரும் ஒன்றைப் படம் பிடிப்பதற்காக எதிரிலிருக்கும் பாடகரின் முகத்தைப் பிறருக்கு மறைப்பது பெரிய தவறு என்று இப்போதும் சொல்வேன். அப்பா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சரணங்களையும் பாடினார். ஓரிடத்திலும் தடுக்கவில்லை.

பாடி முடித்துத் தியாகராஜரின் சமாதியைக் கும்பிட்டபோது, எதிரே அதை நோக்கியபடி இருக்கும் பெங்களூர் நாகரத்தினம்மாளின் நினைவிடத்தில் சற்று நேரம் நின்றோம். 1847இல் சித்தியடைந்த தியாகராஜருக்கு இந்தக் கோயிலை 1920களில் தன் சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டுக் கட்டியவர் அவர். பெண்கள் அங்கே பாடக் கூடாது என்றிருந்த காலத்தில் தானே பெண்களைத் திரட்டிப் பாடியவரும் அவரே. அன்றைக்கு அவரை வணங்கும்போது டீக்கடை அம்மாவின் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது.

நாற்காலியைத் திருப்பிக் கொண்டுபோனபோது மணி பதினொன்றுக்கு மேல். அந்த அம்மா மணலைத் தட்டிவிட்டு, கட்டுக்கம்பி நெகிழ்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதல் வேலையாக அதில் உட்கார்ந்தார். "ஐயாவுக்கு நல்லாக் கேட்டுச்சா?" என்றார். அப்பா பதில் சொல்வதற்குப் பதிலாக வராளியின் பல்லவியை மெல்லிய குரலில் ஒரு முறை பாடிக் காட்டினார். அந்த அம்மா டீக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

வயதானவர்களோடு அடுத்த ஆண்டு போகிறவர்கள் முதல் நாளே திருவையாற்றுக்கு வந்து தங்கிவிடுவது நல்லது. தஞ்சாவூரிலேயே ஒரு மடக்கு நாற்காலியும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டு வாங்குவதாக இருக்கிறேன். அப்பாவுக்கு ஒன்று, அந்தக் கல்லாவுக்கு ஒன்று.