ஊட்டியில் ஒரே நாள்: குன்னூர் பக்கமா, பைக்காரா பக்கமா?

ஒரு வேன் நிறைய ஆள் சேர்த்துக்கொண்டு ஊட்டிக்கு வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ், பைக்காரா. எல்லாம் ஒரே நாளில். வரைபடத்தில் பார்த்தால் அத்தனையும் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். ஆனால் குன்னூர் ஊட்டிக்குத் தென்கிழக்கே சுமார் 19 கி.மீ.; ஏரியும் அருவியும் உள்ள பைக்காரா வடமேற்கே சுமார் 20 கி.மீ. இரண்டுக்கும் நடுவில் ஊட்டி நகரமும் அதன் நெரிசலும். மே மாதத்தில் நகர நடுவிலுள்ள சேரிங்கிராஸ் சந்திப்பைத் தாண்டுவதற்குள்ளேயே பாதி உற்சாகம் போய்விடும். அதனால் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், மறுபக்கத்தை இன்னொரு முறைக்கு வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நான்கு பேர் காரில் போவதும் பதினெட்டு பேர் வேனில் போவதும் ஒன்றல்ல. கூட்டமாகப் போகும்போது நேரத்தைத் தின்பது தூரத்தைவிட இறங்கி ஏறுவதுதான். டிக்கெட் எடுக்க வரிசை, கழிப்பறைக்கு வரிசை, கடலை வாங்கப் போன இருவரைக் காணோம், தலை எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது. இடத்தைப் பார்க்கும் நேரம் போக, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இருபது நிமிடமாவது இப்படியே கரையும். ஒரு நாளில் எத்தனை பாயின்ட் என்று கேட்பதைவிட எத்தனை முறை இறங்கி ஏற வேண்டும் என்று கேட்டால் திட்டம் தானாகவே சரியாகிவிடும். நான்கு முறைக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு.

ஊருக்குள்ளேயே சுற்றுவது மூன்றாவது வழி. அதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். 1848இல் வில்லியம் மெக்ஐவர் அமைக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்கா சுமார் 22 ஹெக்டேர். நிதானமாகப் பார்க்க அரை நாள் வேண்டும். ஆங்கிலேய கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் வெட்டிய ஏரியும் படகும் இருக்கின்றன. கைக்குழந்தைகளோ, வேனில் வளைவுகளைத் தாங்காதவர்களோ அதிகம் இருந்தால் இதுவே போதும். மற்றவர்கள் நகரத்தைவிட்டு வெளியே போனால்தான் நீலகிரி என்ன என்பதே தெரியும்.

குன்னூர் பக்கம் போகிறவர்கள் தொட்டபெட்டாவில் தொடங்க வேண்டும், அதுவும் காலையிலேயே. 2,637 மீட்டர்; கிழக்குத் தொடர்ச்சி மலையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இடத்தில் நிற்கிற சிகரம். வெயில் ஏற ஏற பள்ளத்தாக்கிலிருந்து மேகம் கிளம்பி வந்துவிடும். மதியம் போனால் வெள்ளைத் திரையைத்தான் பார்க்கலாம். சில நாட்களில் வனத்துறை அனுமதிப்பதில்லை என்பதால் புறப்படும் முன் ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து திரும்பிக் குன்னூர் இறங்கினால் சிம்ஸ் பூங்கா. 1874இல் அமைந்தது. ஊட்டிப் பூங்காவைவிட சின்னது, ஆனால் எனக்கு இதுதான் அழகு. காரணம், இது ஒரு பள்ளத்தில் சரிந்து கிடக்கிறது. பாதை உங்களை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே போகும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இறங்குவது சுலபம், திரும்ப ஏற வேண்டும். மேலேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாலும் அவர்களுக்குக் குறை இருக்காது.

டால்பின் நோஸ், லேம்ஸ் ராக் என்ற இரண்டு காட்சிமுனைகளும் ஒரே சாலையில் இருக்கின்றன. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் குறுகிய பாதை. பெரிய பேருந்தில் வந்தவர்கள் அதை மறந்துவிடலாம். டெம்போ டிராவலர் அளவு வண்டி என்றால் போகலாம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். போய்ச் சேர்ந்தால் எதிர்மலையில் கேத்தரின் நீர்வீழ்ச்சி வெள்ளிக் கோடாக விழும்.

ஆனால் நான் குன்னூரைச் சொல்வது ரயிலுக்காகத்தான். திரும்பும்போது வேனைக் காலியாக அனுப்பிவிட்டு, மாலையில் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலில் எல்லோரும் ஏறிவிடுங்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வேனில் முன்சீட், பின்சீட் என்று பிரிந்து கிடந்த கூட்டம் அப்போதுதான் எதிரெதிரே உட்கார்ந்து பேசும். பாட்டியும் பேரனும் ஒரே ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள்: செங்குத்தான ஏற்றத்துக்கான பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான்; குன்னூரிலிருந்து ஊட்டி வரை டீசல் எஞ்சின் இழுக்கும். நீராவி எஞ்சினை எதிர்பார்த்துச் சிறுவர்களை அழைத்துப் போய் ஏமாற்றாதீர்கள். 1908இல் ஊட்டி வரை வந்த இந்த ரயில் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதனால் கூட்டமும் அதிகம். பதினெட்டு பேருக்கு அன்றைக்கு வந்து டிக்கெட் கிடைக்காது. முன்பதிவு திறந்த உடனே எடுத்துவிட்டு அதற்கேற்ப மற்றதைத் திட்டமிடுங்கள்.

பைக்காரா பக்கம் முற்றிலும் வேறு முகம். கூடலூர் செல்லும் சாலை. குன்னூர் சாலைபோல வயிற்றைப் புரட்டாது. தலைகுந்தா, பைன் மரக் காடு, காமராஜ் சாகர் அணை, சினிமா படப்பிடிப்பு நடக்கும் புல்வெளியான சூட்டிங்மட்டம் என்று வரிசையாக வரும். குன்னூரில் தேயிலையும் வீடுகளும் என்றால், இங்கே திறந்த புல்வெளி. நீலகிரி பழையபடி எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் நிலம் இதுதான். இளவட்டங்கள் அதிகமுள்ள குழுவுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். ஓடலாம், உருளலாம், படம் எடுக்கலாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். பைக்காரா ஏரியில் படகுச் சவாரியும் ஊட்டி ஏரியைவிட எவ்வளவோ மேல். சுற்றிலும் கட்டடம் இல்லாமல் காடு தெரியும். 1932லிருந்து மின்சாரம் எடுக்கிற பைக்காரா ஆற்றைத் தேக்கிய ஏரி இது. அருவிக்கு வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நடக்க வேண்டும். கோடையில் போனால் அங்கே பாறைதான் அதிகம், தண்ணீர் கொஞ்சம்.

இந்த இரண்டில் எதை எடுப்பது என்பதை வயது பாதி தீர்மானிக்கும், மாதம் மீதியைத் தீர்மானிக்கும். பலரும் கவனிக்காதது இந்த இரண்டாவதைத்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையை மேற்குப் பக்கம் நேராக வாங்குகிறது. பைக்காராவுக்கும் தெற்கே உள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மாதங்களில் அருவி நிறைந்திருக்கும், ஆனால் படகு ஓடுமா என்பது அன்றைய காற்றையும் மழையையும் பொறுத்தது. குன்னூர் அப்போது ஓரளவு தப்பித்துக்கொள்ளும். அக்டோபர், நவம்பரில் கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூரைத்தான் பிடிக்கும். மண் சரிந்து ரயில் நிற்பதும் அந்தக் காலத்தில்தான். அப்போது பைக்காரா பக்கம் போங்கள். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை எழுந்துவிடும் குழு என்றால் தலைகுந்தா புல்வெளியில் உறைபனி பார்க்கலாம். அதற்காகவே மேற்குப் பக்கம் போகலாம்.

ஏப்ரல், மே? என் ஓட்டு குன்னூருக்கு, ரயில் டிக்கெட் கையில் இருந்தால். இல்லையென்றால் பைக்காரா, பிள்ளைகளுக்கு ஓட இடமாவது கிடைக்கும்.

வண்டி விஷயத்தில், சமவெளியிலிருந்து வந்த வேனையே வைத்துக்கொள்வதா, ஊட்டியில் ஒரு வண்டி பேசுவதா என்பதையும் யோசியுங்கள். 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. பாஸ் எடுத்த வேன் வந்துவிட்டாலும், மலைச் சாலை பழகாத ஓட்டுநரை டால்பின் நோஸ் பாதையில் விடுவது எனக்குச் சம்மதமில்லை. அன்று ஒரு நாளைக்கு உள்ளூர் வண்டி பேசிக்கொள்ளுங்கள். உங்கள் ஓட்டுநரும் தூங்கி எழுந்து, இரவு இறங்கும்போது தெளிவாக இருப்பார். அப்புறம், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துவரச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சோதனைச் சாவடியிலேயே அரை மணி நேரம் போகும்.